ராத்திரி 10 மணிக்கு மேல் பக்கத்து பாரில் பாட்டு: சட்டம் யார் பக்கம்?

சனிக்கிழமை இரவு 11.15. மயிலாப்பூரிலோ, தி.நகரிலோ, அடையாறிலோ ஒரு குறுக்குத் தெரு. லைட்டை அணைத்துப் படுத்தாச்சு. பாட்டு என்னவென்று தெரியவில்லை, ஒரு வரிகூட காதில் விழவில்லை. ஆனா "டும்... டும்... டும்..." மட்டும் ஜன்னல் கண்ணாடி வரைக்கும் வந்து அதிர்கிறது. இரண்டு கட்டடம் தள்ளி ஒரு ஹோட்டல் மொட்டை மாடியில் பார்ட்டி. பக்கத்து அறையில் அப்பா புரண்டு புரண்டு படுக்கிறார். குழந்தை இரண்டாவது முறையாக எழுந்துவிட்டது.

போன வாரம் இதே நேரத்தில் நீங்களே அப்படி ஒரு மாடியில் நண்பர்களோடு நின்றிருக்கலாம். அதனால்தான் பலருக்கு புகார் கொடுக்கவே கூச்சமாக இருக்கிறது. "நாமளும் போறோமே, நாம எப்படிச் சொல்றது?" என்ற தயக்கம்.

அந்தத் தயக்கமே தேவையில்லை. பார் இருக்கலாமா, கூடாதா என்பது வேறு விவாதம். அங்கே எழும் சத்தம் உங்கள் படுக்கையறைக்குள் எவ்வளவு வரலாம் என்பதுதான் இங்கே கேள்வி. அதற்குச் சட்டத்தில் மணிக் கணக்கும் இருக்கிறது, டெசிபல் கணக்கும் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், எந்தச் சத்தம்?

"பார் சத்தம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது நான்கைந்து விதமான சத்தங்களின் கூட்டு. எது உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் யாரிடம் போவது என்பது புரியும்.

• ஸ்பீக்கர், டிஜே, லைவ் பேண்ட்: ஒலி மாசு விதிகளின் கீழ் வருகிறது. நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் காவல்துறைக்கு.

• ஜெனரேட்டர், ஏசி அவுட்டோர் யூனிட், சமையலறைப் புகைபோக்கி விசிறி: மாசு கட்டுப்பாட்டு வாரியம். 1,000 கேவிஏ வரையிலான டீசல் ஜெனரேட்டர் என்றால், அதன் கூண்டிலிருந்து 1 மீட்டர் தூரத்தில் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது.

• மூடும் நேரத்தில் வாசலில் ஹாரன், பைக் முறுக்கல்: குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை, அவசரம் தவிர ஹாரன் அடிக்கவே கூடாது. இது போக்குவரத்து விதி மட்டும் கிடையாது. ஒலி மாசு விதிகளிலேயே இருக்கிறது.

• வாசலில் கூச்சல், சண்டை, தெருவில் நின்று குடிப்பது: நேராக உள்ளூர் காவல் நிலையம். பொது இடத்தில் போதையில் இருப்பது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தின்படி குற்றம்.

டாஸ்மாக் பாருக்கும் ஹோட்டல் பாருக்கும் உள்ள வித்தியாசமும் இங்கேதான். டாஸ்மாக் பக்கம் பெரும்பாலும் ஸ்பீக்கர் பிரச்னை இல்லை, கூட்டம்தான் பிரச்னை. கடை 10 மணிக்கு மூடிவிடும், தெரு அதற்கப்புறமும் அடங்காது. ஹோட்டல் பார்கள் 10 மணிக்குப் பிறகும் இயங்கும். அங்கே ஸ்பீக்கர்தான் பிரச்னை.

எத்தனை டெசிபல் வரை?

சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம், 1986-ன் கீழ் 2000-ம் ஆண்டில் மத்திய அரசு கொண்டுவந்தவை ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள். நாடு முழுக்க இதுதான் அடிப்படை. காலை 6 முதல் இரவு 10 வரை பகல், மீதி இரவு. வரம்புகள் இப்படி:

• தொழிற்பகுதி: பகலில் 75, இரவில் 70 டெசிபல்
• வணிகப் பகுதி: பகலில் 65, இரவில் 55
• குடியிருப்புப் பகுதி: பகலில் 55, இரவில் 45
• அமைதி மண்டலம்: பகலில் 50, இரவில் 40

தனியார் இடத்தில் சவுண்ட் சிஸ்டம் வைத்தால், அந்த இடத்தின் எல்லையில் அளக்கும்போது மேலே உள்ள வரம்பைவிட 5 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. அதாவது, குடியிருப்புப் பகுதியில் இருக்கும் ஒரு பாரின் காம்பவுண்ட் சுவரில் இரவு நேரத்தில் அதிகபட்சம் 50.

50 என்பது எவ்வளவு? டெசிபல் என்பது சாதாரணக் கூட்டல் கணக்கு கிடையாது. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு ஆகிறது. காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும். திறந்தவெளியில், தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் சுமார் 6 டெசிபல் குறையும். ஒரு கணக்குக்கு, மொட்டை மாடி ஸ்பீக்கரில் 1 மீட்டர் தூரத்தில் 100 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் தடுப்பு ஏதும் இல்லாவிட்டால் 100 மீட்டர் தள்ளியும் அது 60 டெசிபல். குடியிருப்புப் பகுதியின் இரவு வரம்பைவிட 15 அதிகம். நம்ம ஊர் தெருக்களில் 100 மீட்டருக்குள் எத்தனை படுக்கையறை ஜன்னல்கள் இருக்கும் என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

உலக சுகாதார நிறுவனம் 1999-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், நல்ல தூக்கத்துக்குப் படுக்கையறைக்குள் தொடர் சத்தம் 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது.

10 மணிக் கோடு

இந்த விதிகளில் சாமானியருக்கு அதிகம் பயன்படும் பகுதி இது. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி, இசைக்கருவி, சவுண்ட் ஆம்ப்ளிஃபயர் எதையும் பயன்படுத்தக் கூடாது. விதிவிலக்கு இரண்டு: பொது அவசரநிலை, மூடிய அரங்குக்குள், அந்த அரங்கில் இருப்பவர்களுக்காக மட்டும் பயன்படுத்துவது. ஆடிட்டோரியம், மாநாட்டு அறை, சமுதாயக் கூடம், விருந்து மண்டபம் ஆகியவை விதியிலேயே உதாரணமாகச் சொல்லப்பட்டிருக்கின்றன.

பண்பாட்டு, சமய விழாக்களுக்காக இரவு 10 முதல் 12 வரை மாநில அரசு தளர்வு கொடுக்கலாம். அதுவும் ஒரு வருடத்தில் மொத்தம் 15 நாட்களுக்கு மேல் போகக் கூடாது. வாராவாரம் வரும் டிஜே நைட்டை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

ஆக, மேலே கூரை இல்லாத ரூஃப்டாப் பாரில் 10 மணிக்கு மேல் ஸ்பீக்கர் ஓடினால் டெசிபல் மீட்டரே தேவையில்லை. சத்தம் 45-ஆ, 65-ஆ என்ற விவாதமும் தேவையில்லை. ஓடுவதே விதிமீறல்.

புகார் விதியும் இதையே சொல்கிறது. பகல் நேரம் என்றால், சத்தம் வரம்பைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ கூடும்போது புகார் கொடுக்கலாம். இரவு நேரக் கட்டுப்பாடு மீறப்பட்டிருந்தால் அந்த மீறலே புகாருக்குப் போதும். "மீட்டர் ரீடிங் இருக்கா சார்?" என்று கேட்டால் நீங்கள் சொல்ல வேண்டிய பதில் இதுதான்.

மூடிய ஹாலுக்குள் நடக்கும் பப் என்றால் வாதம் கொஞ்சம் மாறும். "இது மூடிய இடம்தானே" என்று நிர்வாகம் சொல்லலாம். சரி, ஆனா அந்த விதிவிலக்கு உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும் சத்தத்துக்கானது. கதவைத் திறந்து திறந்து மூடும்போதெல்லாம் தெரு முழுக்கக் கேட்டால், எல்லையில் 5 டெசிபல் என்ற வரம்பு அங்கே வந்து நிற்கும்.

இதற்கு முன்னோடி ஒரு சென்னை வழக்கு

சத்தத்துக்கும் தூக்கத்துக்கும் இடையிலான இந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது சென்னையிலிருந்துதான். மாதவரம் நெடுஞ்சாலையை ஒட்டிய கே.கே.ஆர். நகரில் ஒரு பிரார்த்தனைக் கூடம். டிரம்ஸ், கிட்டார், ஒலிபெருக்கியோடு வழிபாடு நடந்தது. கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச் சங்கம் 1990-களில் மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடம் போனது, காவல்துறையிடம் போனது, கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் போனது. சத்தத்தைக் குறைக்க நடவடிக்கை எடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது.

சர்ச் தரப்பு உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது. "அந்தச் சத்தம் ரோட்டில் போகும் வண்டிகளால் வருவது, எங்கள் மத உரிமையில் தலையிடுகிறார்கள்" என்பது அவர்கள் வாதம். 2000 ஆகஸ்ட் 30 அன்று தீர்ப்பு வந்தது. அடுத்தவர் அமைதியைக் குலைத்து வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று கூறி மேல்முறையீட்டை நிராகரித்தது உச்ச நீதிமன்றம்.

இது பார் வழக்கு இல்லைதான். ஆனா யோசித்துப் பாருங்கள். அரசியலமைப்பு பாதுகாக்கும் மத உரிமைக்கே சத்தத்தில் வரம்பு உண்டு என்றால், லைசென்ஸ் வாங்கி நடத்தும் ஒரு வியாபாரத்துக்கு எப்படி இல்லாமல் போகும்? இன்னொன்றையும் கவனிக்கலாம். "ரோட்டுச் சத்தம்தான் காரணம்" என்ற அதே பதிலை இன்றைக்கும் நீங்கள் கேட்கக்கூடும்.

அடுத்து 2005 ஜூலை 18. ஒலி மாசு பற்றிய விரிவான தீர்ப்பை உச்ச நீதிமன்றம் கொடுத்தது. அந்த வழக்கின் தொடக்கம் கொடுமையானது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 13 வயதுச் சிறுமியின் அலறல், அக்கம்பக்கத்தில் அலறிக்கொண்டிருந்த ஒலிபெருக்கிப் பாட்டில் யாருக்குமே கேட்கவில்லை. அந்தச் சிறுமி பின்னர் தீக்குளித்து இறந்தார். அமைதியாக வாழ்வது, அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்றது தீர்ப்பு. பேச உரிமை உண்டு. விரும்பாதவரைக் கட்டாயமாகக் கேட்க வைக்க உரிமை கிடையாது என்பதும் அதில் இருக்கிறது.

மீட்டரில் சிக்காத "டும் டும்"

"நாங்க அளந்து பார்த்தோம் சார், லிமிட்டுக்குள்ளதான் இருக்கு." இந்தப் பதில் வந்தால் பொய் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அளக்கும் முறையிலேயே ஒரு ஓட்டை இருக்கிறது.

விதிகள் சொல்லும் டெசிபல் "ஏ" அளவீட்டில் வருவது. மனிதக் காதுக்குத் தாழ்ந்த சுருதிகள் குறைவாகக் கேட்கும் என்பதால், இந்த அளவீடு அவற்றைக் கழித்துவிட்டுக் கணக்கிடும். டிரம்ஸின் அடித்தட்டு ஒலி இருக்கும் 63 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கழிவு சுமார் 26 டெசிபல். அப்படியென்றால், உங்கள் ஜன்னலில் 70 டெசிபல் அளவுக்கு பேஸ் மோதினாலும் மீட்டரில் 44 என்று காட்டும். 45-க்குள் வந்துவிட்டது இல்லையா!

பாட்டின் வரியும் குரலும் சுவரில் பாதி தடுக்கப்பட்டுவிடும். பேஸ் தடுக்கப்படாது. அது சுவரையும் தரையையும் அதிர வைத்துக்கொண்டு உள்ளே வரும். ஜன்னலைச் சாத்தினாலும் "டும்" மட்டும் மிஞ்சுவது இதனால்தான். ஆகவே புகார் எழுதும்போது "சத்தம் அதிகம்" என்று பொதுவாக எழுதாமல், "பேஸ் அதிர்வு படுக்கையறைக்குள் உணரப்படுகிறது" என்றே எழுதுங்கள். "சி" அளவீட்டிலும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த அளவீட்டில் பேஸ் அவ்வளவாகக் கழிக்கப்படுவதில்லை.

உங்கள் தெரு எந்தப் பகுதி?

தென் சென்னையின் பெரிய குழப்பம் இது. தி.நகர் வணிகப் பகுதியா, குடியிருப்பா? பாண்டி பஜார் வணிகம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனா அதற்கு இரண்டு தெரு பின்னால்? மயிலாப்பூர் மாட வீதிகளில் கீழே கடை, மேலே வீடு. அடையாறில் மெயின் ரோட்டில் ஹோட்டல், அதன் பின்சுவரை ஒட்டி அபார்ட்மென்ட்.

கலப்புப் பகுதிகளை நான்கு வகைகளில் ஏதாவது ஒன்றாக உரிய அதிகாரி அறிவிக்கலாம் என்று விதி சொல்கிறது. எந்த வகை என்பதைப் பொறுத்து இரவு வரம்பு 45-ஆ, 55-ஆ என்று மாறும். காதுக்கு அது இரண்டு மடங்கு வித்தியாசம். மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் தேசிய ஒலிக் கண்காணிப்பு நிலையங்கள் ஏழு நகரங்களில் 70 இருக்கின்றன. அவற்றில் 10 சென்னையில். தி.நகரில் உள்ள நிலையம் வணிகப் பகுதிக் கணக்கில் வருகிறது.

மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் என்று நாம் படித்திருப்போம். 2017 திருத்தத்துக்குப் பிறகு, மாநில அரசு அப்படி அறிவித்தால்தான் அது அமைதி மண்டலம். "பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கே" என்பது மட்டும் போதாது; அறிவிக்கை இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

டாஸ்மாக் கடைக்கான தூர விதியில் இன்னொரு விஷயம். மாநகராட்சி எல்லைக்குள் வழிபாட்டுத் தலம், கல்வி நிறுவனத்திலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் வீடு இல்லை.

லைசென்ஸ் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம்

பெங்களூருபோல் தெருவுக்குத் தெரு தனி பப் இங்கே இல்லை. சென்னையில் நாம் பப் என்று போகும் இடங்கள் பெரும்பாலும் ஸ்டார் ஹோட்டல்களுக்குள்தான் இருக்கின்றன. அதற்கான எஃப்.எல்.3 லைசென்ஸைக் கவனிப்பது மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. ஸ்பீக்கருக்கு எழுத்துப்பூர்வ அனுமதி தருவது காவல்துறை. ஜெனரேட்டர் மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடம். கட்டடமும் மொட்டை மாடி ஷெட்டும் மாநகராட்சியிடமும் சி.எம்.டி.ஏ.விடமும். ஐந்து அலுவலகம், ஐந்து ஃபைல். சத்தம் பற்றிய உங்கள் புகார், லைசென்ஸ் ஃபைலில் போய்ச் சேர வேண்டும் என்றால் அதை நீங்கள்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

பெங்களூருவில் இதற்கு வேறு வழி பிடித்தார்கள். லைவ் பேண்ட் நடத்தும் இடங்கள் காவல் ஆணையரிடம் தனி லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று 2005-ல் ஓர் ஆணை வந்தது. உணவக உரிமையாளர்கள் எதிர்த்து வழக்காடினார்கள். 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லும் என்றது. இந்திராநகர் குடியிருப்பாளர்கள் பல ஆண்டுகளாக நடத்திவரும் சண்டையில் அது ஒரு முக்கியமான ஆயுதமாக ஆனது.

இங்கிலாந்தில் 2003-ன் லைசென்சிங் சட்டத்தில், பொதுத் தொல்லையைத் தடுப்பது லைசென்ஸின் நான்கு நோக்கங்களில் ஒன்று. அக்கம்பக்கத்தில் வசிப்பவர் ஒருவரே லைசென்ஸை மறுபரிசீலனை செய்யும்படி விண்ணப்பிக்கலாம். அதே நாட்டில் 2018 முதல் மறுபக்கத்துக்கும் நியாயம் உண்டு. ஏற்கெனவே இசை அரங்கு இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் புதிதாக அபார்ட்மென்ட் கட்டினால், சத்தத்தைத் தடுக்கும் செலவு கட்டுபவருடையது. பின்னால் வந்தவர்தான் பொறுப்பு. இதைக் கேட்டால் நியாயமாகத்தானே படுகிறது?

பார் மூட வேண்டியதில்லை

ஒரு பாரை நம்பி டிஜே, பேண்ட், சர்வர், சமையல்காரர், செக்யூரிட்டி என்று பல குடும்பங்கள் இருக்கின்றன. சத்தத்தைக் குறைக்க அவர்கள் வேலையை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. குறிப்பிட்ட அளவுக்கு மேல் போனால் தானாகவே குறைக்கும் சவுண்ட் லிமிட்டர். ஒன்று மூடிய பிறகு இன்னொன்று திறக்கும் இரட்டைக் கதவு. ஸ்பீக்கரை வீடுகள் இல்லாத பக்கம் திருப்புவது, சப்வூஃபரைத் தரையிலிருந்து பிரித்து ரப்பர் மேல் வைப்பது. 10 மணிக்கு மாடியை மூடிவிட்டு எல்லோரையும் உள்ளே கூட்டிப்போவது. மூடும் நேரத்தில் வாசலில் ஒருவரை நிறுத்தி, ஹாரன் அடிக்காமல் வண்டிகளை அனுப்புவது. கடைசி இரண்டுக்குச் செலவே கிடையாது.

சரி, நான் என்ன செய்யணும்?

1. முதலில் மேனேஜரிடம் பேசுங்கள். பகலில், நிதானமாக. உங்கள் படுக்கையறைக்குள் என்ன கேட்கிறது என்பது அவருக்குத் தெரியாமலே இருக்கலாம்.

2. இரண்டு வாரம் குறிப்பு எழுதுங்கள். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எந்த வகைச் சத்தம், எந்த அறையில் கேட்டது. ஜன்னல் அருகே நேரம் தெரியும்படி வீடியோ. மொபைல் ஆப் காட்டும் டெசிபல் அதிகாரபூர்வ ஆதாரம் ஆகாது. ஆனா அதிகாரியை வந்து அளக்க வைக்க அது உதவும்.

3. சத்தம் நடக்கும்போதே 100 அல்லது 112-க்கு அழையுங்கள். அழைத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள்.

4. சங்கத்தின் பெயரில் மனு கொடுங்கள். "யார் கம்ப்ளெய்ன்ட் பண்ணது?" என்ற கேள்விக்குத் தனியாக ஒரு வீடு, அதுவும் வாடகை வீடு, பதில் சொல்லும் நிலை வரக் கூடாது. காவல் ஆணையருக்கு மனு. நகல்கள் மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மதுவிலக்குத் துறைக்கும். 8-வது விதியின் கீழ் சத்தத்தைத் தடுக்கவோ ஒழுங்குபடுத்தவோ எழுத்துப்பூர்வ உத்தரவு போடும்படி கேளுங்கள். "நடவடிக்கை எடுக்கவும்" என்று பொதுவாக எழுதுவதைவிட இது பலன் தரும். பதில் வரவில்லை என்றால் 1100, முதல்வரின் முகவரி.

5. ஆர்டிஐ போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். மூன்று கேள்வி போதும்: எங்கள் தெரு எந்த வகைப் பகுதி? இந்த இடத்துக்கு ஒலிபெருக்கி அனுமதி இருக்கிறதா, நகல் தரவும். எங்கள் புகார்கள் மீது என்ன நடவடிக்கை?

6. அப்புறமும் அசையவில்லை என்றால் மூன்று கதவுகள். பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 152-வது பிரிவின்படி பொதுத் தொல்லையை அகற்ற நிர்வாக நடுவரிடம் மனு. சேப்பாக்கம் கலச மஹாலில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய், பிரச்னை எழுந்த 6 மாதத்துக்குள் போக வேண்டும். கடைசியாக, உயர் நீதிமன்றம்.

தண்டனை? பொதுத் தொல்லைக்கு பி.என்.எஸ். சட்டத்தில் அதிகபட்ச அபராதம் 1,000 ரூபாய்தான். சனிக்கிழமை இரவில் ஒரு மேஜையின் பில்லே அதைத் தாண்டிவிடும். ஆனா 2024 ஏப்ரல் முதல் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின் கீழ் 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை அபராதம் விதிக்க வழி இருக்கிறது. உங்கள் மனுவில் எந்தச் சட்டத்தின் பெயர் இருக்கிறது என்பது எவ்வளவு முக்கியம் என்று இப்போது புரிந்திருக்கும்.

கே.கே.ஆர். நகர்க்காரர்கள் 1996-ல் கடிதம் எழுதத் தொடங்கி, தீர்ப்பைக் கையில் வாங்க நான்கு வருடம் ஆனது. அவர்களுக்கு அப்போது 2000-ம் ஆண்டின் விதிகள்கூட இல்லை. உங்களுக்கு விதி இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது, கையில் போன் இருக்கிறது. இந்தச் சனிக்கிழமை 10 மணி ஆனதும் முதல் குறிப்பை எழுத ஆரம்பியுங்கள். அடுத்த முறை நீங்களே ஒரு மாடியில் நிற்கும்போது மணி 10 ஆனால், "மேல போதும், உள்ள போலாமா?" என்று நண்பர்களிடம் முதலில் சொல்வதும் நீங்களாகவே இருங்கள்.